சந்தனமா, சாம்பல் பச்சையா?

படுக்கையறைக்கு என்ன நிறம் அடிப்பது என்று ரெண்டு வாரமாக எங்கள் வீட்டில் இழுபறி. எனக்குச் சாம்பல் கலந்த வெளிர் பச்சை, இவருக்குச் சந்தன நிறம். ஷேட் கார்டில் பார்த்தால் பச்சைதான் அழகு, அதை இவரே ஒத்துக்கொண்டார். ஆனால் கார்டில் இருப்பது தீப்பெட்டி அளவு துண்டு. அதையே நாலு சுவருக்கும் பூசினால் ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி, பார்த்து வாங்கியதைவிட அழுத்தமாகத் தெரியும். ஹாலுக்கு இளமஞ்சள் என்று நம்பி அடித்துவிட்டு, கண் கூசுது என்று மூன்று வருஷம் புலம்பியவள் நான்.

அதனால் இந்த முறை ரெண்டிலும் சின்ன டப்பா வாங்கினேன். பழைய நீலச் சுவர்மேல் நேராக அடித்துப் பார்த்தால் சந்தனம் இருப்பதைவிட மஞ்சளாகத்தான் தெரியும், அதற்காகப் பெரிய வெள்ளை அட்டைகளில், சுற்றிலும் நாலு விரல் ஓரம் விட்டு, ரெண்டு கோட் அடித்தேன். எமல்ஷன் காய்ந்தால் பெரும்பாலும் கொஞ்சம் அடர்ந்துவிடும், ஆக ஈரத்தில் முடிவெடுக்காமல் மறுநாள்தான் சுவரில் ஒட்டினேன்.

காலை பத்து மணிக்கே என் பச்சை மாட்டிக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே செடி அடர்ந்து கிடக்கிறது, அதன் இலையில் பட்ட வெயில் உள்ளே வந்ததும் அட்டை பாசி பிடித்த தொட்டி மாதிரி ஆகிவிட்டது. சந்தனம் லேசாக மங்கியது, அவ்வளவுதான்.

ராத்திரி கதையே வேறு. ஏற்கெனவே இருந்த 6500 கெல்வின் பல்பில், அதாவது நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்தில், ரெண்டும் கெட்டது, பச்சை ஆஸ்பத்திரி வராண்டா, சந்தனம் பழைய காகிதம். சரி என்று மஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் பல்பை மாட்டினேன். சந்தனம் இதமாகிவிட்டது, அது எதிர்பார்த்ததுதான். பச்சையில் பச்சை பின்வாங்கி, சாம்பல் முன்னால் வந்து, அவ்வளவு அமைதியாக இருந்தது. இவரே பார்த்துவிட்டு, "பகல்ல யாரு இந்த ரூம்ல இருக்கா, பச்சையே அடிச்சிடலாம்" என்றார். நான் அதற்குள் சந்தனத்துக்கு மாறியிருந்தேன்!

காரணம் அலமாரி மூலை. ஒரே ஜன்னல் உள்ள அறை, நாலு மணிக்கு மேல் அங்கே கறுப்பு சாக்ஸும் நீல சாக்ஸும் ஒன்றுபோல இருக்கும். அட்டைகளை அங்கே கொண்டுபோய் வைத்தால் பச்சை மூலையோடு மூலையாக இருண்டது, சந்தனம் தனியாகத் தெரிந்தது. அப்புறம்தான் கார்டின் பின்பக்கம் பார்த்தேன். சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பும் என்பதற்கு எல்ஆர்வி என்று 0 முதல் 100 வரை ஒரு கணக்கு உண்டு, சந்தனத்துக்கு 72, பச்சைக்கு 55 என்று போட்டிருந்தது. முதலிலேயே திருப்பிப் பார்த்திருக்கலாம்.

ஆக சந்தனம், அதுவும் பளபளப்பில்லாத மேட் பெயிண்ட். பட்டி பார்த்த சுவரின் மேடு பள்ளமெல்லாம் பளபளப்பு பெயிண்டில் பல்லிளிக்கும். பச்சை அட்டையைத் தூக்கிப் போட மட்டும் மனசு வரவில்லை, நாளைக்கு மாடி அறையில் ஒட்டிப் பார்க்கப் போகிறேன், அங்கே ஜன்னல் மூன்று.