ஊசியில் குறையில்லை

புளோக் கீழ்த்தளத்துக் கல்மேசையில் இன்று ஒரு பயிற்சி மாடல் விமானம். எஞ்சினே ஓடவில்லை, கார்புரேட்டரில் மட்டும் எரிபொருள் சொட்டிக்கொண்டிருந்தது.

கோளாறு தெரிய அந்த ஒரு சொட்டு போதும். எரிபொருள் தொட்டி மேலே இருக்கிறது.

தொட்டியின் நடுமட்டம், கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசிவால்வின் மட்டத்துக்கு 6 முதல் 10 மி.மீ. கீழே இருக்கவேண்டும். மேலே இருந்தால் எரிபொருள் தானாக வழியும். தலைகீழாகப் பறக்கும்போதோ எஞ்சின் காய்ந்து அணையும்.

எஞ்சினைக் கவிழ்த்துப் பூட்டினால் ஊசியும் கீழே இறங்கும். தொட்டியையும் இறக்கவேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

தொட்டியை ஃபயர்வாலை, அதாவது எஞ்சின் பூட்டும் முன்தடுப்பை, ஒட்டி வையுங்கள். சுற்றிலும் ஸ்பாஞ்ச், இறுக்கித் திணிக்காமல். அதிர்வு ஏறினால் எரிபொருள் நுரைக்கும், எஞ்சின் இருமும்.

தொட்டிக்குள்ளே கிளங்க், அதாவது எரிபொருள் உறிஞ்சும் குழாயின் எடைமுனை, பின்சுவரைத் தொடாமல் தாராளமாக ஆடவேண்டும்.

அடியில் இருக்கும் கட்டையைச் சீவினாலே தொட்டி இறங்கிவிடும். கோப்பி ஆறுவதற்குள் முடிகிற வேலை.