வேகாத பருப்பும் இடம் மாறிய உப்பு ஜாடியும்

மதுரை சிம்மக்கல் மாடி வீட்டில் 14 வருடம் சமைத்தேன். அடுப்பு முன்னால் நின்றபடியே இடது கையை நீட்டினால் உப்பு ஜாடி, வலது கையை நீட்டினால் எண்ணெய்த் தூக்கு, திரும்பி ஒரு எட்டு வைத்தால் பாத்திரம் கழுவும் அங்கணம். குறுகலான அடுப்படிதான். ஆனால் கரண்ட் போன ராத்திரியில் இருட்டிலேயே ரசம் தாளித்திருக்கிறேன்.

வைகாசியில் ஆனையூர்ப் பக்கம் சொந்த வீட்டுக்கு வந்தோம். முறைப்படி உப்பு, மஞ்சள், அரிசி, நிறைகுடம் முதலில் உள்ளே போயின. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். துடைத்தது நான்.

மறுநாள் 23 அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்றேன். மேலே பெயர் எழுதியது என் மகன். ‘பாத்திரம்’, ‘பாத்திரம்’, ‘வேறு பாத்திரம்’.

இழுத்தால் வரும் கம்பிக் கூடைகள், தானே மெதுவாக மூடிக்கொள்ளும் கதவுகள் என்று புது அடுப்படி மினுங்கியது. நானும் விடவில்லை. ஒரே அளவு டப்பாக்கள் வாங்கி, பெயர் ஒட்டி, ஜன்னலோரத் தட்டில் வரிசையாக அடுக்கினேன். அத்தை பார்த்துவிட்டு, “கடை மாதிரி இருக்குத்தா” என்றார். பாராட்டு என்றுதான் நினைத்தேன்.

முதலில் காலை வாரியது துவரம்பருப்பு. ஆறு விசில் விட்டும் குழையாமல் தனித்தனியாக நின்றது. குக்கருக்குப் புது கேஸ்கெட் போட்டேன். அப்போதும் அதே கதை. பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று கீழமாசி வீதியில் வழக்கமாக வாங்கும் கடையில் போய்க் குறைபட்டேன். கடைக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “எந்தத் தண்ணியில வேக வைக்கிறீங்க?”

போர் தண்ணீர். அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து பருப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், குழைய விடாது. சிம்மக்கல்லில் குழாய்த் தண்ணீரில் சமைத்துப் பழகிய எனக்கு இது தோன்றவே இல்லை. டீயின் மேல் ஏன் ஒரு ஏடு மிதக்கிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

சரி, 20 லிட்டர் கேன் வந்தது. கேனுக்கு இடம் யோசித்து யார் அடுப்படி கட்டுகிறார்கள்? மூலையில் வைத்தேன். உலைக்கு ஒரு நடை, பருப்புக்கு ஒரு நடை, டீக்கு ஒரு நடை என்று நாலே நாளில் இடுப்பு விட்டுப்போனது. கடைசியில் அடுப்புக்கு இடப்பக்கம் மேடை மேலேயே ஏற்றினோம். அங்கிருந்த மிக்சி, இன்னொரு பிளக் பாயின்ட் இருக்கும் ஜன்னல் பக்கம் போனது. மிக்சி போன இடத்தில் என் டப்பா வரிசை கலைந்தது.

கலைந்ததும் நல்லதுக்குத்தான். அந்த ஜன்னல் மேற்கு பார்த்தது. மூன்று மணி வெயில் நேரே தட்டில் விழும். ஒரு மாதத்துக்குள் மிளகாய்த்தூள் வெளிறிப் போய், கடலை எண்ணெயில் சிக்கு வாடை அடித்தது. தென்கிழக்கு அக்னி மூலையை விட்டு வடமேற்கு வாயு மூலையில் அடுப்படியா என்று அத்தை முதலிலேயே முகம் சுளித்தவர். எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்த எண்ணெயை அவர் மோந்து பார்த்தபோது நான் வாயைத் திறக்கவில்லை.

சிலிண்டருக்கு இடுக்கே இல்லாத அலமாரி செய்து கொடுத்திருந்தார் தச்சர். சிலிண்டர் கொண்டு வந்த தம்பிதான், “அக்கா, கேஸ் காத்தை விட கனம். கசிஞ்சா கீழயே தங்கிரும். அடியில ஓட்டை போடுங்க” என்றார். அன்று சாயங்காலமே போட்டாயிற்று.

அஞ்சறைப் பெட்டியை அத்தை என்னைக் கேட்காமலேயே அடுப்புக்கு வலப்பக்கம் கொண்டுவந்து வைத்துவிட்டார். பக்கத்தில் உப்பு ஜாடி. நானும் எடுக்கவில்லை. இடது கைதான் இன்னும் உப்பைத் தேடிப் போய்க் கேனில் முட்டிக்கொள்கிறது.

‘வேறு பாத்திரம்’ பெட்டியை மட்டும் பிரிக்கவில்லை. முறுக்கு அச்சு அதற்குள்தான் இருக்க வேண்டும். தீபாவளிக்கு நாள் இருக்கிறது.