மரபணு அறவியல் தேர்வு: விடைத்தாளின் ஓரத்தில் ஒரு கேள்வி

மரபணு ஆய்வு அறவியலில் முதல் தேர்வில் நான் தேறவில்லை. ஆய்வில் பங்கேற்பவர்களிடையே பன்முகத்தன்மை தேவை, அவர்களின் ஒப்புதல் முக்கியம் என்று மூன்று பக்கம் எழுதியிருந்தேன். விடைத்தாளின் ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: "யாருக்கு என்ன ஆயிற்று?" அடுத்த தேர்வுக்கு அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் படித்தேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

முழு மரபணுத்தொகுதியையும் அலசி நோய்த் தொடர்புகளைத் தேடும் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் சுமார் 81 விழுக்காட்டினர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்ற 2016ஆம் ஆண்டுக் கணக்கை எல்லோரும் எழுதுவார்கள். எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். அதே ஆண்டு, இதயத் தசை தடிக்கும் பரம்பரை நோய் பற்றி ஓர் ஆய்வு வந்தது. தீங்கற்ற சில மரபணு மாற்றங்கள், நோய்க்குக் காரணமானவை என்று பரிசோதனை அறிக்கைகளில் இடம்பெற்றிருந்தன. அந்த அறிக்கைகளைப் பெற்றவர்கள் ஆப்பிரிக்க வம்சாவளியினர் அல்லது வம்சாவளி குறிக்கப்படாதவர்கள்.

எப்படி நடந்தது? இரண்டு வட்டங்கள் வரைந்து, முதலாவதில் ஐரோப்பிய வம்சாவளியினரையும் இரண்டாவதில் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் புள்ளிகளாக இடுங்கள். குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்களைச் சிவப்பாக்குங்கள். முதல் வட்டத்தில் சிவப்பு அநேகமாக இல்லை. இரண்டாவதில் ஆங்காங்கே இருக்கிறது. முதல் வட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்த மாற்றம் அரிதாகத் தெரியும். அரிதானது என்பதால் ஆபத்தானதாகவும் தோன்றும். ஒப்பீட்டுக் குழுவில் கறுப்பின அமெரிக்கர்களைச் சிறிதளவு சேர்த்திருந்தாலே பிழையைத் தவிர்த்திருக்க முடியும் என்றும் அந்த ஆய்வு காட்டியது. இதைப் படித்த அன்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு எழுதிய விடைதான் இறுதித் தேர்வில் நன்றாக அமைந்தது.

ஒப்புதலுக்கு அரிசோனாவின் ஹவசுபாய் பழங்குடியினரை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 வாக்கில் நீரிழிவு ஆய்வு என்று நம்பி அவர்கள் ரத்தம் கொடுத்தார்கள். ஆய்வாளர்கள் அதே மாதிரிகளை மனச்சிதைவு, இனப் புலம்பெயர்வு பற்றிய ஆய்வுகளுக்கும் பயன்படுத்தினார்கள். அவர்கள் தொடுத்த வழக்கின் முடிவில், 2010இல் 7 லட்சம் டாலர் இழப்பீட்டோடு மாதிரிகள் திரும்பக் கொடுக்கப்பட்டன. பெயர்களை நீக்கிவிட்டால் போதுமே என்று யாராவது வாதிட்டால், இந்த வழக்கைக் காட்டுங்கள். தாங்கள் தோன்றிய இடம் பற்றி அச்சமூகம் கொண்ட நம்பிக்கையை அந்த ஆய்வுகள் மறுத்தன. பெயரே இல்லாவிட்டாலும் அந்தக் காயம் அவர்களுக்குத்தான்.

தரவை எளிதில் கண்டறிந்து மறுபடி பயன்படுத்துவது பற்றிய ஃபேர் (FAIR), பழங்குடியினரின் தரவு உரிமை பற்றிய கேர் (CARE) ஆகிய கொள்கைகளின் விரிவாக்கங்களைத் தேர்வுக்கு முந்தைய மாலையில் பார்த்துக்கொள்ளலாம்; அரை மணி நேரம் போதும்.