ஜாதகத்தில் இல்லாத சுருட்டு

திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 230 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். நேராகப் போய்ச் சேருவதற்குக் கார் எதற்கு, வழியில் நாலு இடம் பார்த்துக்கொண்டே போவோம் என்று எனக்குத் தோன்றியதே, அதுதான் சனியின் முதல் அடி. எந்த ஊரில் எத்தனை நிமிடம் என்று எக்செல்லில் அட்டவணை போட்டு, கலர் பிரிண்ட் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தேன். காலை 6.00 கிளம்புதல், மாலை 4.30 தனுஷ்கோடி அரிச்சல்முனை. அப்பா கண்ணாடியைப் போட்டு மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஜாதகம் நல்லாத்தான் இருக்கு" என்றார். அன்று முதல் வீட்டில் அதற்கு அதுவே பெயர்.

6.00 என்பது 7.20 ஆனது. கேஸை மூடினோமா என்று பார்க்க அம்மா இரண்டு முறை வீட்டுக்குள் போய் வந்ததைத் தவிர வேறு காரணம் இல்லை.

புதுக்கோட்டைக்குக் கீரனூர் வழியாக நேர்ரோடு இருக்கிறது. நான் விராலிமலையைச் சுற்றிப் போகிற மாதிரி போட்டிருந்தேன், மயில் பார்க்க. அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "இந்த முருகனுக்குச் சுருட்டு நைவேத்தியம் உண்டு, தெரியுமா?" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். டாக்டர் சொல்லி நாலு வருஷத்துக்கு முன் புகையை விட்டவர் அப்பா. முழங்கால் வலி என்று வீட்டு மாடிப்படியையே ஏறாதவர், மலைப்படியில் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். பூக்காரம்மாவிடம், "எந்தப் பூசையில படைப்பாங்கம்மா?" என்று பவ்யமாக விசாரிப்பதும் காதில் விழுந்தது.

"ஏங்க, சாமி கும்பிட வந்தீங்களா, வேற எதுக்காச்சும் வந்தீங்களா?" என்றார் அம்மா.

"பிரசாதத்தை வேண்டாம்னு சொல்லக்கூடாது" என்றார் அப்பா.

மயில்களை மகன் மட்டும் எண்ணினான். பதினான்கு.

சித்தன்னவாசலுக்கு ஜாதகத்தில் 40 நிமிடம். சமணர் குகைக் கோயில், கூரையில் தாமரைக்குளம் ஓவியம். மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள் என்று ஆயிரம் வருஷத்துக்கு மேலாக ஒரு குளம் தலைக்கு மேலே நிற்கிறது. நிறம் நிறைய உதிர்ந்துவிட்டது, மிச்சமிருப்பதே போதும். நான் அண்ணாந்து பார்த்துக் கழுத்துப் பிடித்துக்கொள்ள, மகன் ஒவ்வொரு மீனாகக் கண்டுபிடித்தான். அம்மா ஒரு நிமிடம் பார்த்தார். "நல்லாருக்கு. குளத்தைப் பார்த்ததும் ஞாபகம் வருது, இங்க பாத்ரூம் எங்க?"

திருமயத்தில் சிவனும் பெருமாளும் ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்துக் கோயில்களில் இருக்கிறார்கள். நாங்கள் போனபோது மணி 12.40. இரண்டு பேருமே நடை சாத்தியிருந்தார்கள். கோட்டையாவது ஏறலாம் என்றேன். உச்சி வெயில். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அப்பா மட்டும் புளியமரத்தடியில் ஒரு டீக்கடையைக் காட்டினார். ஜாதகத்தில் இல்லாத அந்த இடத்தில் 50 நிமிடம் இருந்தோம். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எல்லோரும் சந்தோஷமாக இருந்த ஒரே இடம் அதுதான்.

காரைக்குடியில் சாப்பிட்டதும், பக்கத்தில்தான் ஆத்தங்குடி என்று என் மனைவி சொன்னார். கண்ணாடிமேல் சாயக் கலவையை ஊற்றிப் பூப்போட்டு, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டுக் கையாலேயே டைல்ஸ் செய்கிறார்கள். காய்ந்த பிறகு பிரித்தால் கண்ணாடி பட்ட பக்கம் பளபளவென்று இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம். இருந்தோம். ஒரு மணி நேரம் கழித்து டிக்கியில் 12 டைல்ஸ் ஏறின. நாங்கள் இருப்பது வாடகை வீடு.

"எங்கே பதிக்கப் போறே?"

"சொந்த வீடு கட்டும்போது."

அதன்பிறகு ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியின் அடிவயிறு உரசியது. அப்பா சாவகாசமாகச் சொன்னார்: "ராமேஸ்வரத்துக்குக் கல் சுமந்துட்டுப் போறது நம்ம பரம்பரைத் தொழில்டா." சிரிக்காத ஒரே ஆள் டிரைவர், அதாவது நான்.

பாம்பன் பாலம் ஏறும்போது பொழுது சாய்ந்துவிட்டது. இனிமேல் தனுஷ்கோடிக்கு வண்டி விடமாட்டார்கள். இடப்பக்கம் 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம், அதன் அருகில் 2025-ல் திறந்த புதியது. பழைய பாலத்தை ஆட்கள் நெம்புகோலைச் சுற்றித் திறப்பதை அப்பா சின்ன வயதில் பார்த்திருக்கிறாராம். கையாலேயே சுற்றிக் காட்டினார். பின்சீட்டில் எல்லோரும் திரும்பி உட்கார்ந்து, கடலில் சூரியன் இறங்குவதைப் பார்த்து "ஆகா" என்றார்கள். தீவுக்குப் போகும்போது மேற்கு முதுகுப்பக்கம் இருக்கும் என்பது எக்செல்லுக்குத் தெரியவில்லை. பல நாள் திட்டமிட்ட நான் அதை ரியர்வியூ கண்ணாடியில் ஒரு விரல்கடை அளவுக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் தனுஷ்கோடி பார்த்தோம். ராமேஸ்வரத்தில் ஓரிடத்தில் தண்ணீரில் மிதக்கும் கல்லைக் காட்டினார்கள். "அம்மா, நம்ம கல்லும் மிதக்குமா?" என்று மகன் சத்தமாகக் கேட்டான். என் மனைவி என்னை முறைத்தார். நான் என்ன செய்தேன்?

திரும்பும் வழியில், புதுக்கோட்டையில் தண்ணீர் வாங்க நிறுத்தியபோதுதான் அம்மா அப்பாவின் பிரதியைப் பார்த்தார். கடைசி வரிக்குக் கீழே நீல மையில் ஒரு வரி: 'விராலிமலை, மாலைப் பூசை.' அம்மா தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"தம்பி, கீரனூர் வழியா விடு."