பிசினஸ் இங்கிலீஷ் தேர்வில் விளையாட்டு மரபுத்தொடர்கள்: குன்னூரில் படித்த அனுபவம்

குன்னூரில் தேயிலை ஏல வேலைக்கு நடுவே கேம்பிரிட்ஜின் பிசினஸ் வான்டேஜ் தேர்வுக்குப் படித்தேன். மலையிலிருந்து இதற்குத் தயாராகிற தம்பி தங்கைகளுக்கு, விளையாட்டிலிருந்து வந்த மரபுத்தொடர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். எந்த விளையாட்டு, அதில் என்ன நடக்கும் என்று முதலில் பாருங்கள். ஊட்டி குதிரைப் பந்தயம் பார்த்தவர்களுக்கு 'வின் ஹேண்ட்ஸ் டவுன்' எளிதில் புரியும். வெகுதூரம் முந்திவிட்ட ஜாக்கி கடிவாளத்தைத் தளர்த்திக் கையைத் தாழ்த்திக்கொள்வார். சிரமமில்லாத வெற்றி.

'ஸ்னூக்கர்ட்' நமக்கு இன்னும் நெருக்கம். 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிவைத்த, மேசையில் கோலால் பந்துகளை அடித்து ஆடும் ஸ்னூக்கருக்கு, 1882இல் நம் ஊட்டி கிளப்பில்தான் விதிகள் எழுதப்பட்டன. (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள்.) அடிக்க வேண்டிய பந்துக்கு நேர்வழி விடாமல் இன்னொரு பந்து குறுக்கே நிற்பதுதான் அந்த நிலை. சரக்கு தருகிறவர் கைவிரித்துவிட்டார், வாங்குகிறவரோ கெடுவை நீட்ட மறுக்கிறார் என்றால் அந்த நிறுவனம் 'ஸ்னூக்கர்ட்'.

கிரிக்கெட் தொடர்களில் 'ஸ்டிக்கி விக்கெட்' மட்டும் விளக்கம் கேட்கும். மழையில் நனைந்த பிட்ச் வெயிலில் காயும்போது பந்து எப்படி எழும்பும் என்று சொல்ல முடியாது. இப்போதெல்லாம் பிட்சை மூடிவிடுவதால் நாம் அதைப் பார்ப்பதில்லை. சிக்கலான நிலைமை என்று பொருள்.

பெரிய தொல்லை பேஸ்பால்தான். யூடியூபில் ஒரு ஆட்டமாவது பாருங்கள். அந்த மைதானத்தை அமெரிக்கர்கள் பால்பார்க் என்பார்கள். 'பால்பார்க் ஃபிகர்' என்றால் உத்தேசத் தொகை. 'டச் பேஸ்' என்றால் சுருக்கமாகத் தொடர்புகொண்டு பேசுவது. லிசனிங்கில் ஒலிப்பதிவை இரண்டு முறை போடுவார்கள். ஆனாலும் பால்பார்க் என்று கேட்டதும் மனது மைதானத்துக்குப் போய்விட்டால், அதற்கடுத்து வருகிற தொகை காதில் விழாது. கேட்கிற தொகை உறுதியானதா, உத்தேசமா என்பதில்தான் விடையே தொங்கும்.

ஸ்பீக்கிங்கில் இன்னொருவரோடு சேர்த்து உட்கார வைத்துப் பேசச் சொல்வார்கள். அங்கே ஒன்றிரண்டு தொடர் போதும். அப்புறம், எழுதும்போது கவனம் வேண்டும். 'மூவிங் த கோல்போஸ்ட்ஸ்' என்பது நடுவில் நிபந்தனையை மாற்றுகிறீர்கள் என்ற குற்றச்சாட்டு. சக ஊழியரிடம் பேச்சில் சொல்லலாம். வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதத்தில் அதை விட்டுவிட்டு, எந்த நிபந்தனை மாறியது, அதனால் எத்தனை நாள் தாமதமாகும் என்று நேராக எழுதுங்கள்.