காற்று பார்த்த நாட்கள்

ஏப்ரல் 3

காலை பத்து மணி. ஜப்பானின் ஹமமட்சு நகரில் மே 3 அன்று பட்டச் சண்டை விழா. அதற்குப் போக ஷின்கன்சென் (அதிவேக ரயில்) முன்பதிவு திறந்தது. சரியாக ஒரு மாதம் முன்னால், பத்து மணிக்குத்தான் திறப்பார்கள். ஷின்கன்சென்னில் மூன்று வகை. நொசோமி ஹமமட்சுவில் நிற்காது. ஹிகாரியில் சிலதுதான் நிற்கும், கொடாமா எல்லாம் நிற்கும். இந்த விடுமுறையில் நொசோமி முழுக்க முன்பதிவுப் பெட்டிதான். கொடாமாவில் முன்பதிவில்லாப் பெட்டியும் உண்டு. ஆனால் நாலு பேர் சேர்ந்து உட்கார அதை நம்பக்கூடாது. மூன்று ஒரே வரிசை, ஒன்று பின்னால்.

ஏப்ரல் 18

காற்று முன்னறிவிப்பை இத்தனை நாள் முன்னால் பார்ப்பது வீண். பார்த்தாயிற்று.

ஏப்ரல் 27

கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: மாஞ்சா உண்டா? கிடையாது. 5 மி.மீ. தடிமனுள்ள சணற்கயிறு. இரண்டு பேட்டைகளின் கயிறு வானத்தில் பின்னிக்கொண்டதும், கீழே இரு கூட்டமும் இழுத்து இழுத்து விடும். உரசல் சூட்டில்தான் கயிறு அறும். கயிற்றை அறுப்பது கண்ணாடித்தூள் இல்லை, ஆள்பலம். மூங்கில் சட்டம், ஜப்பானியக் காகிதம். தலைப்பிள்ளை பிறந்த வீட்டுக்கான பட்டத்தில் குழந்தையின் பெயர் இருக்கும்.

மழை பெய்தால் காகிதம் தாங்காது. காற்று இல்லாவிட்டாலும் அதே கதிதான்.

மே 1

பையில்: நூறு யென் சில்லறை, ஆயிரம் யென் நோட்டு (கடைக்காரரிடம் பத்தாயிரத்தை நீட்டினால் முகம் மாறும்), குப்பைக்கு இரண்டு பை, முகக்கவசம், மூக்குக்கண்ணாடி துடைக்க ஈரத்துணி. குடை வேண்டாம், கூட்டத்தில் பக்கத்து ஆளின் கண்ணுக்கு ஆபத்து. மழைக்கோட்டு போதும்.

மே 2

காற்று மேற்கு. எவ்வளவு என்று நாளைக்குத்தான்.

மே 3

நிலையத்து லாக்கர்கள் காலையிலேயே நிறைந்துவிட்டன. ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டே நாள் முழுக்க அலைந்தாயிற்று. நகாதாஜிமா மணற்மேட்டுப் பக்கம் போக நிலையத்திலிருந்து விழாப் பேருந்து. பத்து மணிக்குத் தொடக்கம், அதற்கு முன்னால் போய்ச் சேரவேண்டும்.

காற்று வந்துவிட்டது! கூடவே மணலும். வாயில், காதில், சோற்றுப் பொட்டலத்தில். பட்டம் ஏறும்போது சிலர் அதை நிமிர்த்திப் பிடிக்க, மற்றவர்கள் கயிற்றோடு எதிர்க்காற்றில் ஓடுகிறார்கள். பட்டத்தில் கட்டும் சூத்திரக் கயிறு ஒருபக்கம் சற்றே நீண்டாலும் போதும், பட்டம் வட்டமடித்து மூக்கு குத்துகிறது. நாம் கவனிக்கவேண்டியது வானத்தை அல்ல, தரையை. அறுந்த கயிறு இழுபட்டுப் போகும் வேகத்தில் கால் மாட்டினால் தோல் உரியும். தடுப்புக்கு இந்தப் பக்கமே நிற்கவேண்டும்.

மாலையில் நகருக்குள் மரச்சிற்பத் தேர்கள், விளக்கு, ஊதுகொம்பு. நல்லதுதான். ஆனால் பகலின் கயிற்றுச் சண்டைக்குப் பக்கத்தில் இது அலங்காரம்.

கியோசா (பூரணம் வைத்த ஜப்பானியக் கொழுக்கட்டை): வட்டமாக அடுக்கிப் பொரித்து, நடுவில் முளைகட்டிய பயறு. வரிசை பெரிசு.

மே 4

காலணியில் இன்னும் மணல்.

மே 5

இன்னொரு விழா, டோக்கியோவின் ஃபுச்சு நகரில். ஷின்ஜுகு நிலையத்திலிருந்து கெய்ஓ ரயிலில் அரைமணிகூட இல்லை. ஒகுனிதாமா கோயிலிலிருந்து மாலை ஆறு மணிக்கு எட்டு மிகோஷி, அதாவது சாமிப் பல்லக்குகள் புறப்படும். முன்னால் பெரிய மேளங்கள், தோல்முகம் ஆளைவிட உயரம். முன்காலத்தில் விளக்கணைத்து நடுராத்திரியில் எடுத்ததால் 'இருட்டு விழா'.

நான்கரைக்கே கோயில் வாசலில் ஒற்றை வழி. வாசலில் நிற்க ஆசைப்பட்டவர்கள் ஒன்றும் பார்க்கவில்லை, தள்ளிக்கொண்டே போய்விட்டார்கள். பழைய கோஷு சாலையோரமாக நிற்பதே சரி. பிரிந்துவிட்டால் சேர ஒரு கம்பத்தை முன்கூட்டியே பேசி வைக்கவேண்டும். அந்தக் கூட்டத்தில் கைபேசி இணைப்பு திணறும். பல்லக்குகள் போகும் தூரம் கொஞ்சம், நேரம் மணிக்கணக்கு.

மேளத்தில் அடி விழும் அதிர்வு வயிற்றுக்குள் விழுகிறது. தின்பண்டக் குச்சிகளை வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஒரு பை மிச்சம்.

மே 6

பல்லக்குகள் விடியற்காலை நாலு மணிக்குத்தான் கோயிலுக்குத் திரும்பக் கிளம்பும். அந்த நேரத்துக்கு ரயில் இல்லை.

காற்று வடக்கு. இனி எதற்கு