குட்டிப் பிள்ளைகளோடு கடற்கரை: ஒரு வாளி போதும், வேறெதையும் வாங்காதீர்கள்

கடற்கரையிலிருந்து திரும்பிய சூட்டோடு எழுதுகிறேன். கோடை விடுமுறையில் 5 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அழைத்துப்போக இதைவிட நல்ல இடம் கிடையாது. கேளிக்கைப் பூங்காக்களில் பாதி விளையாட்டுகளுக்கு உயரம் போதாது என்று நிறுத்திவிடுவார்கள். நுழைவுச்சீட்டுக்கு மட்டும் காசு கறந்துவிடுவார்கள். கடலுக்குச் சீட்டு இல்லை. ஒரு வாளி, ஒரு கரண்டி, ஈர மணல் இருந்தால் 3 மணி நேரம் போவதே தெரியாது. நேரம், பை, மணல், தண்ணீர், வெயில், திரும்பும் வண்டி என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

எப்போது கிளம்புவது என்பதைக் கடலிடம் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். பெரும்பாலான கரைகளில் தினமும் இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும். ஏறி முடிப்பதற்கும் வற்றி முடிப்பதற்கும் நடுவே சுமார் 6 மணி 12 நிமிடம். மறுநாள் அதே கட்டம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். இன்று காலை 7 மணிக்கு வற்றினால் நாளை 7.50 ஆகிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. குட்டிகளுக்கு ஏற்றது கடல் வற்றிக்கொண்டிருக்கும் காலை நேரம். அகலமாக, கெட்டியாக, ஈரமாக ஒரு விளையாட்டுத் தளத்தைக் கடலே விட்டுவிட்டுப் போகும். ஏறும் நேரத்தில் போனால் அரைமணிக்கு ஒருமுறை பைகளைப் பின்னால் நகர்த்தியே பொழுது போய்விடும். கட்டிய கோட்டையையும் அலை கொண்டுபோக, அழுகையை அடக்கவே ஒரு ஆள் வேண்டும்.

பை விஷயத்தில் ஒரே யோசனை: ஓரத்தில் எலாஸ்டிக் வைத்த பழைய மெத்தை விரிப்பு. அதைத் தலைகீழாகப் போட்டு, நான்கு மூலைகளுக்குள்ளும் கனமான பைகளை வையுங்கள். நாலு பக்கமும் சுவர் எழும்பும், மணல் உள்ளே வராது. கைக்குழந்தையை அதற்குள் உட்கார வைக்கலாம். கடற்கரைப் பாய் என்று விற்பதற்குக் கொடுக்கிற காசு வீண். குடிதண்ணீர் பாட்டிலை முந்தைய இரவே முக்கால்வாசி மட்டும் நிரப்பி உறைய வையுங்கள். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருகும், நிறைத்து வைத்த பாட்டில் வெடித்துவிடும்.

இப்போது மணல். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் போவதே.

முதலில் ஈர மணலில் பிள்ளையை மெதுவாகக் காலை ஊன்றச் சொல்லுங்கள். பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று வெளுத்துக் காய்ந்ததுபோலத் தெரியும். காலை எடுத்தால் அந்தக் குழியில் தண்ணீர் ஊறி நிற்கும். நெருக்கமாக அடுக்கியிருந்த மணல் துகள்கள் மிதிபட்டதும் ஒன்றையொன்று தள்ளி விலகுகின்றன. கிடைத்த இடைவெளிக்குள் மேலே நின்ற நீர் இறங்கிவிடுகிறது. ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியாளர் 1885-இல் இதை விளக்கினார். 3 வயதுப் பிள்ளைக்கு அந்த விளக்கம் தேவையில்லை. ‘மணல் பயந்து வெளுத்துப்போச்சு’ என்றால் போதும், கரை முழுக்க மிதித்துக்கொண்டே ஓடும்.

கோட்டை கட்டுவதில் எல்லோரும் செய்வது, காய்ந்த மணலை வாளியில் அள்ளி, மேலே தண்ணீர் ஊற்றிக் கவிழ்ப்பது. அது நிற்காது. ஈரம் மேலோடு தங்கிவிடும், அடிப்பகுதி பொடியாக உதிரும். 8 பங்கு மணலுக்கு 1 பங்கு தண்ணீர் என்பது நல்ல கணக்கு. துகள்களுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருக்கும்வரைதான் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இடைவெளியில் காற்றே இல்லாமல் தண்ணீர் நிரம்பிவிட்டால் பிடிப்பு போய்க் கூழாகி வழியும். கையில் ஒரு பிடி எடுத்து உருண்டை பிடித்துப் பாருங்கள். உள்ளங்கையில் உருட்டினாலும் உடையாமல், விரல் இடுக்கில் தண்ணீர் ஒழுகாமல் இருந்தால் பதம் சரி.

உயரமாகக் கட்ட ஆசையா? ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியின் அடிப்பாகத்தை வீட்டிலேயே அறுத்து எடுத்துவிட்டு, வெட்டிய ஓரத்தை உரசி மழுக்கிக்கொண்டு போங்கள். அகலமான வாய் கீழே இருக்கும்படி மணலில் வையுங்கள். அரைச் சாண் உயரத்துக்கு மணல் போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கைமுட்டியால் நன்றாகக் குத்தி இறுக்குங்கள். அடுத்த அடுக்கும் அப்படியே. குத்துகிற வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம், அவர்களுக்குப் பிடித்த கட்டமே அதுதான். மேல் விளிம்புவரை நிறைந்ததும் சுற்றிலும் தட்டிவிட்டு, வாளியை நேராக மேலே உருவினால் உறுதியான தூண் கிடைக்கும். செதுக்குவதை எப்போதும் உச்சியிலிருந்து தொடங்கிக் கீழே வர வேண்டும். கீழே முடித்துவிட்டு மேலே போனால், உதிரும் மணல் செய்ததையெல்லாம் மூடிவிடும். காற்று அடித்தால் ஓரங்கள் காய்ந்து விழும். தண்ணீர் பீய்ச்சும் குப்பி ஒன்று இருந்தால் அவ்வப்போது நனைக்கலாம். 2 வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் வேண்டாம். மணலைக் கூழாகக் குழைத்து, மூடிய கைக்குள்ளிருந்து சொட்டுச் சொட்டாக விடப் பழக்குங்கள். சொட்டின்மேல் சொட்டு விழுந்து கோபுரம் தானாக எழும்பும். எந்த அச்சும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

பள்ளம் தோண்டுவதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். கூட்டத்தில் மிகச் சிறிய பிள்ளையின் முழங்கால் ஆழத்துக்கு மேல் தோண்ட விடாதீர்கள். பக்கவாட்டில் சுரங்கம் வேண்டவே வேண்டாம். மணல் காயக் காயப் பிடிப்பை இழந்து சரிந்துவிடும், புதைந்தவரை வெளியே இழுப்பதும் எளிதல்ல. கிளம்பும் முன் பள்ளத்தை மூடுங்கள். இருட்டில் நடப்பவர் காலை ஒடித்துக்கொள்ளக் கூடாது.

தண்ணீருக்குள் போனால் பெரியவர் கை எட்டும் தூரத்தில்தான் பிள்ளை இருக்க வேண்டும். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையை ஆட்டாது, சத்தமே இருக்காது. அதனால் ‘கத்தினால் ஓடிவிடலாம்’ என்று கரையில் உட்கார்ந்து போனைப் பார்ப்பதை என்னால் ஏற்கவே முடியாது. அலை உடையாமல் நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருமையாகத் தெரிந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கரைக்கு வந்த நீர் அந்த வழியாகத்தான் கடலுக்குள் திரும்பிப் போகும், ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். பெரியவர் யாராவது அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்கக் கூடாது. மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வர வேண்டும். காற்றடைத்த வளையம், வாத்து, கைப்பட்டை எதுவும் உயிர்காக்கும் சாதனம் அல்ல. நிலத்திலிருந்து கடல் பக்கம் காற்று வீசினால் வளையத்தோடு பிள்ளையையும் நிமிடங்களில் தள்ளிக்கொண்டு போய்விடும். நீச்சலுடை ஆரஞ்சு, அடர் இளஞ்சிவப்பு மாதிரி கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கட்டும். நீலம், வெள்ளை, சாம்பல் நிறங்கள் தண்ணீருக்குள் மறைந்துவிடும்.

வெயிலுக்கு எளிய சோதனை நிழல்தான். பிள்ளையின் நிழல் பிள்ளையைவிடக் குட்டையாகிவிட்டால் ஒதுங்க வேண்டிய நேரம். சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், வெளியே இறங்க 15 நிமிடம் முன்பே தடவி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீரிலிருந்து வந்ததும் மறுபடியும் பூச வேண்டும். விட்டுப்போகும் இடங்கள் காது மடல், பிடரி, புறங்கால். சன்ஸ்கிரீன் மலிவானதல்ல, முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று வாங்கினால் பூச வேண்டிய இடம் பாதியாகும், ஒரு கோடையிலேயே காசு திரும்பிவிடும். 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் துணியும் நிழலும்தான் சரி.

திரும்பும் வண்டிதான் இந்தப் பயணத்திலேயே எனக்கு எரிச்சல். தோளில் தூங்கும் குழந்தை, கையில் ஈரப்பை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. இப்படி நிற்கும் அம்மாவைப் பார்த்தால் ஓட்டுநர் சொல்லும் தொகை தனி. பேரம் பேசத் தெம்பில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆகவே திரும்புவதற்கான கூலியைக் காலையிலேயே, எல்லோரும் தெளிவாக இருக்கும்போது பேசுங்கள். தொகை வண்டிக்கா, தலைக்கா? காத்திருப்பு அதில் சேர்ந்ததா, தனியா? ஈர உடையோடு ஏறினால் கூடுதலா? மூன்றையும் வாய்விட்டுக் கேட்டு, எந்த இடத்தில் எத்தனை மணிக்கு என்று போனில் எழுதி அனுப்பிவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். குடை, நாற்காலி வாடகையிலும் இதே கதைதான்: மணிக்கணக்கா, நாள் கணக்கா என்று கேட்காமல் உட்காரவே கூடாது. சொந்த வண்டியில் வந்தவர்கள் பொருள் ஏற்றும்வரை என்று பிள்ளையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் 10 நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிதாகக் குறையாது.

ஏறும் முன் மணலைத் தட்ட, ஈரத்தோடு துடைக்காதீர்கள், தோல் உரசிச் சிவந்துவிடும். கால் காய்ந்ததும் கொஞ்சம் சோளமாவைத் தூவித் துணியால் தட்டினால் மணல் அப்படியே உதிரும். முகத்தருகே மட்டும் வேண்டாம், மாவு மூக்குக்குள் போகும். கண்ணில் மணல் விழுந்திருந்தால் கசக்க விடாமல் குடிதண்ணீரால் அலசுங்கள். துணிகளைக் காயவைத்து உதறிய பிறகே வாஷிங் மெஷினில் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் மணல் வடிகுழாயில் தங்கி அடைத்துக்கொள்ளும், அதை எடுக்க வருபவருக்குக் கொடுக்கும் கூலியில் இன்னொரு முறை கடற்கரைக்கே போய்வரலாம்.